மகன் படிக்கப் போகட்டும், கார் இங்கேயே விலைபோகட்டும்

எமது சமூகத்தில் கடந்த பல வருடங்களாக ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. முன்பெல்லாம் சாதாரண தரம் முடிந்ததும் மகனைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்த வர்த்தகக் குடும்பங்கள், இன்று அதே மகனைப் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மலேசியாவுக்கும் படிக்க அனுப்புகின்றன. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவரும், அக்குறணையிலும் காத்தான்குடியிலும் கடை வைத்திருப்பவரும் பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கின்றது.

ஆனால் கடையில் ஒரு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கும் எமது வர்த்தகர்கள், மகனின் பயணம் என்று வந்தவுடன் கணக்குக் கொப்பியை மூடி வைத்து விடுகின்றார்கள். அதற்கு ஒரு சிறந்த உதாரணம்தான் காரை வெளிநாட்டுக்குக் கொண்டு போகும் எண்ணம். "நானா, வீட்டில் நிற்கும் காரைக் கண்டெய்னரில் போட்டு மகனோடு அனுப்ப ஏலாதா? அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள்" என்று ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு முன்பும் இருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றார்கள். எனவே இது ஒரு தனிமனிதரின் ஆசை மட்டுமல்ல என்று தோன்றியதால் இவ்வாரம் இதைப் பற்றி எழுதுகின்றேன்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகின்றேன். காரை வீட்டில் வைத்திருங்கள், அல்லது விற்று அந்தப் பணத்தை மகனின் படிப்புக்குக் கொடுங்கள். இரண்டில் எதுவும் சரி. கப்பலில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். காரணம், இலங்கையில் ஒரு காருக்கு இருக்கும் பெறுமதி இந்த நாட்டின் கரையோடு முடிந்து விடுகின்றது.

இங்கே காரின் விலை என்பது என்ன?

ஒரு காரை நாம் வாங்கும்போது கொடுக்கும் பணத்தில் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் போவது ஒரு பகுதிதான். பெரும் பகுதி அரசாங்கத்துக்குப் போகின்றது. சுங்கத் தீர்வை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து அறவிடப்படும் உற்பத்தி வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி என்று அந்தப் பட்டியல் நீளமானது. இதற்கு மேலாக, 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் புதிய கார் வராததால் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. வாங்கிய விலையை விடக் கூடுதலாகப் பழைய காரை விற்றவர்களை எமக்கெல்லாம் தெரியும்.

இந்த வரியும் தட்டுப்பாடும் சேர்ந்துதான் உங்கள் காரின் இன்றைய விலை. நீங்கள் காரை ஏற்றுமதி செய்யும்போது கட்டிய வரியை யாரும் திருப்பித் தருவதில்லை. அங்கே போய் இறங்கியதும் அது இன்னொரு பழைய ஜப்பான் கார், அவ்வளவுதான். அங்குள்ள சந்தை விலையே அதற்குக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலகுவுக்காகப் பவுண் ஒன்றை 400 ரூபாவாக எடுத்துக் கொள்வோம். உங்கள் சிறிய காருக்கு இங்கே 80 இலட்சம் கேட்கின்றார்கள் என்றும், அதே வயதுள்ள அதே போன்ற கார் இங்கிலாந்தில் 7,000 பவுணுக்குக் கிடைக்கின்றது என்றும் வைத்துக் கொள்வோம். அது 28 இலட்சம் ரூபா. கப்பல் கூலிக்கும் துறைமுகச் செலவுக்கும் 1,500 பவுண் போடுங்கள். பிரித்தானியாவில் காருக்கு இறக்குமதித் தீர்வை 10 வீதம். கூலியையும் சேர்த்து 8,500 பவுண் பெறுமதிக்கு அது 850 பவுண். அதன் மேல் 20 வீத பெறுமதி சேர் வரி 1,870 பவுண். அங்குள்ள விதிகளுக்கு ஏற்பக் காரை மாற்றவும் பரிசோதிக்கவும் 780 பவுண் போனால் மொத்தச் செலவு 5,000 பவுண், அதாவது 20 இலட்சம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 80 இலட்சத்துக்கு விற்கக்கூடிய பொருளை விற்காமல், மேலும் 20 இலட்சம் செலவழித்து, 28 இலட்சம் பெறுமதியான ஒரு காரை மகனின் கையில் கொடுக்கின்றீர்கள். இங்கே விற்று விட்டு அங்கே அதே காரை வாங்கிக் கொடுத்திருந்தால் 52 இலட்சம் கையில் மிஞ்சியிருக்கும், அந்த 20 இலட்சமும் செலவாகி இருக்காது. வித்தியாசம் 72 இலட்சம். வருடக் கட்டணம் 15,000 பவுணான ஒரு படிப்பின் முழு வருடக் கட்டணத்தையும் கட்டி மிச்சமும் இருக்கும். விலைகளும் நாணய மாற்றும் நாளுக்கு நாள் மாறலாம். ஆனால் கணக்கின் திசை மாறாது. இங்கே கார் விலை வரியால் உயர்ந்து நிற்கும் வரைக்கும் கரை தாண்டினால் நட்டம்தான்.

கப்பல் ஏறும் முன்னும் பின்னும்

சரி, பணம் பரவாயில்லை என்பவர்களுக்காக மற்ற விடயங்களையும் சொல்ல வேண்டும். எமது ஊர்களில் ஓடும் கார்களில் பல லீசிங்கில் எடுத்தவை. பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று இருப்பது நிதி நிறுவனத்தின் பெயர். இஸ்லாமிய முறையில் இஜாராவாக எடுத்திருந்தாலும் நிலைமை அதுவே. கடைசித் தவணை வரை கட்டி முடிக்காமல் அந்தக் காரை நாட்டை விட்டு வெளியே கொண்டு போக உங்களுக்கு உரிமை இல்லை. காரை கம்பனியின் அல்லது பங்குதாரர்களின் பெயரில் வைத்திருப்பவர்கள் பங்காளிகளின் சம்மதத்தையும் எடுக்க வேண்டும்.

கடல் பயணத்தின் அபாயத்தையும் மறக்கக்கூடாது. 2022 பெப்ரவரியில் ஏறக்குறைய 4,000 கார்களோடு போன பெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்து, சில நாட்களில் மூழ்கியது. 2024 மார்ச் 26ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பாலத்தை மோதி உடைத்த டாலி கப்பல் புறப்பட்டது எமது கொழும்புத் துறைமுகத்தை நோக்கித்தான். அந்தச் சம்பவத்தின் பின் கப்பல் உரிமையாளர்கள் பொதுச் சராசரி நட்டத்தைப் பிரகடனம் செய்தார்கள். கொள்கலன் இறக்குமதி செய்யும் சகோதரர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். கடல் காப்புறுதி இல்லாதவர் தன் கையிலிருந்து பணப்பிணை வைத்தால்தான் தன் பொருளை எடுக்கலாம். ஆயிரம் பெட்டி இறக்குகின்ற வர்த்தகருக்கு இது தொழிலின் ஒரு பகுதி. ஒரேயொரு காரை அனுப்பும் வாப்பாவுக்கு இது தேவையற்ற தலைவலி.

போய் இறங்கும் நாட்டின் சட்டம்

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரித்தானியாவில் காரைக் கொண்டு வந்து வைத்துக் கொள்பவர் 14 நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாட்டு இலக்கத்தகட்டோடு ஆறு மாதம் ஓட்டலாம் என்று சிலர் சொல்வது சுற்றுலா வருபவருக்கான சலுகை. குடியிருப்பை மாற்றி வருபவர்களுக்குத் தீர்வை விலக்கு உண்டு. ஆனால் அதற்குப் பன்னிரண்டு மாதம் வெளிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது காரைத் தன் சொந்தமாக வைத்துப் பாவித்திருக்க வேண்டும், கொண்டு போன பின் ஒரு வருடத்துக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. வாப்பாவின் பெயரில் உள்ள கார் மகனின் சொந்தக் கார் ஆகாது என்பதையும் கவனியுங்கள். பத்து வருடத்துக்குக் குறைந்த கார் என்றால் தொழில்நுட்ப அங்கீகாரமும் பெற வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த எமது கார்களில் வேகமானி கிலோமீற்றரில் இருக்கும். அங்கே மைல் காட்ட வேண்டும், பின்னால் பனிமூட்ட விளக்கும் இருக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் இன்னும் இறுக்கம். கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். சொந்தக் காரைக் கொண்டு வரும் வழி நிரந்தரமாகக் குடியேறுபவர்களுக்காக வைக்கப்பட்டது. தற்காலிக விசாவில் படிக்கப் போகும் மாணவர்களுக்கு அது பொருந்தாது. காரின் அடியில் மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் உங்கள் செலவில் கழுவுவார்கள், அல்லது திருப்பி அனுப்பச் சொல்வார்கள். 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டஸ் அங்கே முற்றாகத் தடை. பழைய காரின் பிரேக்கிலோ கஸ்கட்டிலோ அது இருந்தால் சிக்கல்தான்.

மலேசியா தன் சொந்தக் கார்த் தொழிலைப் பாதுகாக்கும் நாடு. 1983ல் புரோட்டோனும் 1993ல் பெரோடுவாவும் ஆரம்பிக்கப்பட்டன. வெளியிலிருந்து கார் கொண்டு வர விசேட இறக்குமதி அனுமதி தேவை. வளைகுடாவிலோ வீதியின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள எமது கார் அங்கே உதவாது.

கார்னே என்ற பத்திரம் எடுத்தால் வரியில்லாமல் கொண்டு போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது தற்காலிகமாகக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வருவதற்கான பத்திரம். ஒரு வருடம் வரைக்கும்தான் செல்லுபடியாகும். அதற்குப் பிணை வைக்க வேண்டும். குறித்த காலத்தில் கார் வெளியேறாவிட்டால் அந்நாட்டுச் சுங்கம் கேட்கும் வரி உங்கள் பிணையிலிருந்து போகும். மூன்று நான்கு வருடப் படிப்புக்கு இது பொருந்தாது. படிப்பு முடிந்து காரைத் திரும்பக் கொண்டு வரலாம் என்றும் நினைக்க வேண்டாம். மீண்டும் இறக்குமதித் திறப்பு வந்தபோது கார்களுக்கு மூன்று வருட வயதெல்லை வைத்தார்கள். மகன் பட்டம் எடுக்கும்போது காரின் வயது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கார் அங்கே வந்த பிறகு

ஒரு வழியாகக் கார் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக் கொள்வோம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு பிரித்தானியாவில் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம். அதன் பிறகு அங்குள்ள தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் வீதிப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 300 பவுண் தண்டப்பணமும் ஆறு புள்ளிகளும், காரையே பொலிஸார் எடுத்துச் செல்லும் அதிகாரமும் உண்டு. இளம் வயதினருக்கும் வெளிநாட்டு அனுமதிப்பத்திரக்காரருக்கும் காப்புறுதிக் கட்டணம் கடுமையாக இருக்கும். இங்கே பல வருடம் விபத்தில்லாமல் ஓட்டி எடுத்த கழிவை அங்கே பெரும்பாலான கம்பனிகள் ஏற்றுக் கொள்வதில்லை. தகாபுல் முறையில் எடுப்போம் என்றால், அங்கே 2008ல் ஆரம்பித்த சலாம் ஹலால் நிறுவனம் அடுத்த வருடமே புதிய காப்புறுதி கொடுப்பதை நிறுத்திக் கொண்டது.

மகன் லண்டனில் படிப்பவர் என்றால் இன்னொரு செலவும் உண்டு. புகைக் கட்டுப்பாட்டு வலயம் 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகர சபைகளுக்கும் விரிந்து விட்டது. தரத்துக்கு ஏற்காத காரை எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். காரை நிறுத்த இடம் தேடுவது அதற்கு மேல்.

"மகன் பகுதி நேரமாகக் காரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்து உழைப்பான்" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தான எண்ணம். பிரித்தானிய மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அந்த விநியோக வேலைகளில் பெரும்பாலானவை சுயதொழிலாகவே கருதப்படும். காருக்காக விசாவை இழந்தால் போகும் பணம் ஒரு பக்கம், மகனின் எதிர்காலம் மறுபக்கம்.

விசா அதிகாரி காரைப் பார்ப்பதில்லை

எமது வர்த்தகர்களிடம் சொத்து இருக்கும், பணம் சுற்றிக் கொண்டே இருக்கும். கடையில் சரக்கு, வெளியில் கடன், வாசலில் கார், ஊரில் காணி. ஆனால் பிரித்தானிய விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தில் செலுத்த வேண்டிய மிகுதியும் வாழ்க்கைச் செலவும் மகனின் அல்லது பெற்றோரின் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அத்தோடு சுகாதாரக் கட்டணம் என்று வருடத்துக்கு 776 பவுண், 2024 பெப்ரவரி முதல், முழுப் படிப்புக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்த நேரத்தில்தான் பலர் சீட்டுப் பணத்தையும் சரக்குக்கு வைத்த பணத்தையும் எடுக்கின்றார்கள், சிலர் வட்டிக்குக் கூடப் போகின்றார்கள். வாசலில் 80 இலட்சம் நின்று கொண்டிருக்கும்போது!

ரூபாவின் நிலையையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் நடுப்பகுதியில் அது 360ஐத் தொட்டது. அப்போது பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்திருந்த பெற்றோர்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். கட்டணம் பவுணில், வருமானம் ரூபாவில். அப்படியான குடும்பத்துக்குக் கையில் இருக்கும் காசுதான் பாதுகாப்பு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற வங்கிகள் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்துக் கட்டணத்தை நேரடியாக அனுப்புகின்றன. உண்டியல் வழியைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று நாளை கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

இன்று விற்றால் நாளை இதே காரை இந்த விலைக்கு வாங்க முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். 2020க்கும் 2025க்கும் இடையில் இது உண்மையாகவே இருந்தது. காரை வைத்திருந்தவர் வென்றார். இனிமேலும் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எனினும், கடைக்கோ குடும்பத்துக்கோ கார் தேவை என்றால் அதை இங்கேயே வைத்திருப்பது நியாயமானது. அதற்கு நான் எதிர்ப்பில்லை. அங்கே மகனுக்கு உண்மையில் கார் தேவைப்பட்டால், பஸ்ஸும் ரயிலும் குறைந்த ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு தங்கி ஆராய்ச்சி செய்பவர் போன்றோருக்கு, அந்நாட்டிலேயே ஒரு பழைய காரை வாங்கட்டும். படிப்பு முடிந்ததும் அங்கேயே விற்று விட்டு வரட்டும். ஆனால் முதல் வருடம் கால்நடையாகவும் பஸ்ஸிலும் போய்ப் படித்து அந்த ஊரைப் பழகிக் கொள்வதே நல்லது.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மகனின் படிப்புச் செலவு வேறு, மகனுக்குக் கொடுக்கும் கார் வேறு. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு அவரது தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக நபியவர்கள் மறுத்த சம்பவம் எமக்குத் தெரிந்ததே. வீட்டில் படிக்கும் மகள் இருக்கின்றாள், கடையில் வாப்பாவோடு நிற்கும் இளைய மகன் இருக்கின்றான். குடும்பத்தின் பெரிய சொத்து ஒன்று ஒரு பிள்ளைக்காகக் கப்பல் ஏறி நட்டத்தில் கரையும்போது அது அவர்களின் பங்கிலிருந்தும் கரைகின்றது.

காரை விற்பவர்கள் ஸகாத் கணக்கையும் கவனிக்க வேண்டும். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் காருக்கு ஸகாத் இல்லை. விற்ற பணம் நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் கையில் இருந்தால் அதில் 2.5 வீதம் கடமையாகும். விற்று வங்கியில் போட்ட திகதியைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். விசாவின் 28 நாளுக்கும் ஸகாத்தின் ஒரு வருடத்துக்கும் அந்தத் திகதி ஒன்றே பயன்படும்.

முடிவாகச் சொல்வதானால், அனுமதிக் கடிதம் வந்தவுடன் முதலில் காரைப் பற்றி ஒரு தீர்மானம் எடுங்கள். விற்பதென்றால் அவசரத்தில் விற்காமல் விசா விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விற்பனைக்குப் போடுங்கள். அவசரக்காரனுக்குக் கிடைக்கும் விலை என்னவென்று வியாபாரிகளான எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மகனுக்குச் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றால் இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் எடுத்துக் கொடுங்கள். அது சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போகக்கூடியது, கப்பல் கூலியும் இல்லை.

பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவது எமது வாழ்நாளின் பெரிய முதலீடு. அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியிலும் எமது உழைப்பிலும் பறக்கத் செய்வானாக.